தலைப் பங்கு

ஆடி 3, வெள்ளி

இதைப் புரட்டுகிறது யாராக இருந்தாலும் சரி, வாங்க. நல்லா இருக்கீங்களா? வீட்டில் எல்லாரும் சுகமா? சாப்பிட்டாச்சா? இல்லையென்றால் முதலில் போய் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். பசித்த ஆளிடம் பேச்சு வளர்ப்பது எனக்குப் பிடிக்காது, சமையல்காரன் அல்லவா.

பேர் கொம்பையா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. மளிகைக்கடையில் வருஷா வருஷம் ஒரு டைரி தருவார்கள், அதை இதுவரை அடுப்பு மூட்டத்தான் வைத்திருந்தேன். இந்த வருஷம் எழுதலாம் என்று தோன்றியது. நாற்பது பேருக்குச் சமைக்கிற இடத்தில் எனக்குப் பேச ஒரு ஆள் இல்லை. எல்லாரும் கத்துகிறார்கள், பேசுகிறவனைக் காணோம்.

இடம், கொழுந்து முதலாளியின் மாந்தோப்பு. முழுப்பேர் திருமலைக்கொழுந்து. கல்குவாரி, ஜல்லி மில், ரெண்டு கல்யாண மண்டபம். அந்த வீட்டில் பிறந்ததுக்கும் காது குத்தினதுக்கும் செத்ததுக்கும் நான்தான் அடுப்பு மூட்டியிருக்கிறேன். இப்போது அவர் மகன், நாங்கள் சின்னவர் என்போம், தோப்பில் ‘பாசறை’ போட்டிருக்கிறார். நம்ம சாதிப் பையன்களுக்குப் பயிற்சியாம். தோப்பு மாடன் கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் நடக்கும். காலையில் ஓட்டம், பகலில் சொற்பொழிவு, சாயங்காலம் கம்பு சுற்றுவது. எல்லாருக்கும் கறுப்புப் பனியன், நெஞ்சில் புலிப்படம். அந்தப் புலியைப் பார்த்தால் பேதி கண்ட பூனை மாதிரி இருக்கிறது. சொன்னால் அடிப்பார்கள்.

என் தங்கச்சி சொர்ணத்தின் மகன் வண்டிமலையும் அந்த நாற்பதில் ஒருத்தன். இருபத்திரண்டு வயசு, அப்பன் இல்லாத பிள்ளை. “யண்ணே, கூடவே இருக்கீயள்லா, பாத்துக்கிடுங்க” என்று சொர்ணம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பார்த்துக்கொள்வதற்கு என்ன, அவன் தட்டில் ஒரு கரண்டி கூட வைப்பேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

சின்னவருக்குச் சாப்பாடு தனி. கோழி நெஞ்சை உப்பில்லாமல் அவித்துத் தராசில் நிறுத்து வைக்க வேண்டும். இன்று பேசிக்கொண்டே ஒரு துண்டை மென்றார். சாறு போனதும் சக்கையை எங்கே துப்புவது என்று பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன் உள்ளங்கையை நீட்டினான். அதில் துப்பினார். பேச்சை நிறுத்தவில்லை. பையன் அதைக் கொண்டுபோய் வேலியோரம் போட்டுவிட்டுக் கையைப் பனியனில் துடைத்தான், புலி மேலேயே.

பேச்சு மானத்தைப் பற்றியது.

ஆடி 5, ஞாயிறு

ஞாயிறு என்பதால் பையன்களுக்குக் கறி. வந்ததில் பாதி கொழுப்பு. உருக்கித் தாளித்துச் சமாளித்தேன். கொழுப்பு என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. சோறு வேகிறவரை சொல்கிறேன்.

சின்னவருக்கு ஏழாவது பிறந்தநாள். அப்போது அவர் பேர் ரித்திக். வேங்கைப்பெருமாள் என்று அவரே மாற்றிக்கொண்டது லண்டனில் படித்துவிட்டு வந்த பிறகு. திருநெல்வேலியிலிருந்து மூன்றடுக்குக் கேக் வந்து இறங்கியது. குவாரியில் கல்லுடைக்கிறவர்களின் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண் கொட்டாமல் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான், கை தட்டினோம். கத்தியைக் கையில் கொடுத்தபோது பையன் குனிந்து கேக் முழுக்கத் துப்பினான். மேலடுக்கில், நடு அடுக்கில், அப்புறம் சுற்றி வந்து கீழடுக்கில். நடுவில் வாய் வறண்டுவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி துப்பினான். “என் கேக். யாருக்கும் கிடையாது.”

அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “புலிக்குட்டிடே! பாத்தியளா, இந்த வயசுல என்ன ரோசம்!” அப்புறம், இவ்வளவு பெரிய கேக்கை வீணாக்குவானேன் என்று அதை வெட்டி அந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்கச் சொன்னார். பிள்ளைகள் தின்றன. ஒரு குட்டிப் பெண் மட்டும் மேலே இருந்த கிரீமை விரலால் வழித்துப் பாவாடையில் தேய்த்துவிட்டு உள்ளே இருந்ததைத் தின்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று பிரியாணி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சாயங்காலம் சின்னவரே அடுப்படிக்கு வந்தார். ஆள் மரியாதையாகத்தான் பேசுவார், அதையும் சொல்ல வேண்டும்.

“மாஸ்டர், எங்க தாத்தாவ நீங்க பார்த்திருக்கீங்கல்ல? எப்படி இருப்பாரு? செம கம்பீரமா இருந்திருப்பாரே?”

“நல்ல மனுசன் தம்பி. தோள்ல துண்டு, மடியில மூக்குப்பொடி மட்டை. ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கிட்டு வருவாவ. பஞ்சத்துல கீழத்தெருவுல கூழு வாங்கிக் குடிச்சுதான் உசிரு தங்குச்சுன்னு அவுகளே சொல்லிச் சிரிப்பாவ.”

சின்னவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “அதெல்லாம் பசங்ககிட்ட சொல்ல வேண்டாம் மாஸ்டர். அது வேற, ஹிஸ்டரி வேற.”

மேடையில் தாத்தா படம் மாட்டியிருக்கிறது. தலையில் கிரீடம், கையில் வாள், காலடியில் ஒரு வேங்கை. ஸ்டுடியோக்காரன் ஒட்டினது. முகம் மூக்குப்பொடி போடுகிற அதே கறுத்த முகம். வாளைப் பிடித்திருக்கிற கை மட்டும் சினிமாக்காரன் கை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நாற்பது பேரும் காலையில் அந்தக் கைக்குத்தான் கும்பிடு போடுகிறார்கள்.

ஆடி 6, திங்கள்

மழை. விறகு நனைந்தது. உப்புமா.

ஆடி 8, புதன்

காய்கறி வண்டி வந்தது. வண்டிக்காரன் எபனேசர், கீழத்தெரு. அவனைத் தோப்புக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஹார்ன் அடித்தான். நான்தான் போய் மூட்டைகளை இறக்கினேன். கூட ஒத்தாசை ஆவுடையப்பன், கேட்டைக் காக்கிறவர். பாவம், பல் ஒன்றுகூடக் கிடையாது, தினமும் கஞ்சிதான். கறி வாசனை வந்தாலே எழுந்து தள்ளிப் போய்விடுவார். ஏனென்று நான் கேட்டதில்லை. சிலருக்கு அப்படித்தான், என் மாமனாருக்கு வெந்தயம் ஆகாது.

எபனேசர் வாய் சும்மா இருக்காது.

“மாஸ்டரே, உள்ள புலிக்கு என்ன தீனி?”

“பெரிய புலிக்கு அவிச்ச கோழி. குட்டிகளுக்குப் பூசணிக்காச் சாம்பார்.”

“புலி பூசணிக்கா திங்குதா? அப்ப நான் பயப்பட வேண்டாம்!”

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலாளி தன் அப்பா பேரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைப்பார், ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளிக் கோப்பை. வருஷா வருஷம் நம்ம தெருப் பையன்கள்தான் அடிப்பார்கள். நடுவரும் நம்ம ஆள்தானே. இந்தப் பொங்கலுக்கு வெளியூர் நடுவர் வந்துவிட்டார். எபனேசர் அணி அடித்துவிட்டது. கோப்பை இப்போது கீழத்தெருப் படிப்பகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதற்குச் சாமந்தி மாலை போட்டிருக்கின்றனவாம்.

இன்று சின்னவர் பேச்சு முழுக்க அதுதான். “எங்க தாத்தா பேரு அந்தத் தெருவுல இருக்கு. அதுக்கு அவங்க மாலை போடுறாங்க. உங்க தாத்தா பேரா இருந்தா சும்மா இருப்பீங்களா?”

நாற்பது பேரும் “இருக்க மாட்டோம்” என்று கத்தினார்கள். அதில் பாதிப் பேருக்குத் தாத்தா பேர் என்னவென்று கேட்டால் அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும்.

ஆடி 11, சனி

வண்டிமலை காலில் புது ஷூ. சின்னவர் போட்டுக் கழித்தது. “அவரே குனிஞ்சு லேஸு கட்டிவிட்டாரு மாமா” என்றான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, பெருமையில். ஷூ அவனுக்குப் பெரிசு. முன்னால் பேப்பர் திணித்திருக்கிறான். நடந்தால் டப்டப்பென்று குதிரை மாதிரி சத்தம்.

“ஏல, நாளைக்குக் காய் வண்டி வரும். எபனேசரு உன்னிய விசாரிச்சான். வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போ.”

“அவன்கூட எனக்கு என்ன பேச்சு?”

“பாம்பு கடிச்சப்ப அவன் வண்டியிலதானல ஆஸ்பத்திரிக்குப் போன? உன்னிய மடியில போட்டுக்கிட்டு ஒத்தக் கையால ஓட்டினானே.”

“அது வேற மாமா.”

“வேறன்னா?”

“உங்களுக்குச் சொன்னாப் புரியாது. நீங்க அந்தக் காலம்.”

டப்டப்பென்று போய்விட்டான்.

மதியம் முதலாளி வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு. கட்டிலில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார். அவர் வெற்றிலை போடுவதைப் பார்க்கச் சகிக்காது. சாறு கடைவாயில் வழிய வழியப் பேசுவார். பையன்கள் கம்பு சுற்றுவதை ரசித்துப் பார்த்தார்.

“கொம்பையா, நானும் ஆளை வச்சு அடிச்சிருக்கேன். உனக்குத் தெரியாததா? கல்லுக்காக அடிச்சேன், பாதைக்காக அடிச்சேன். காரியம் முடிஞ்சா அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவேன். இவன் ஒரு காரியமும் இல்லாம அடிக்கணுங்கான்.”

“சொல்லி வைக்கலாம்லா முதலாளி.”

“எதுக்கு? ஊட்டியில படிக்க வச்சேன், லண்டன்ல படிக்க வச்சேன், மில்லைக் குடுத்தேன், மண்டபத்தைக் குடுத்தேன். எதுலயும் மனசு ஒட்டல. மத்தியானம் வரைக்கும் தூங்குவான். இதுல ஒட்டிருச்சு பாத்துக்கோ. விடியுமுன்ன எந்திரிச்சிருதான். அவன் அம்மைக்கே சந்தோசம்.” வெற்றிலையை மாமரத்து மூட்டில் துப்பினார். “அடுத்த எலெக்சனுக்கு இதுவும் தேவைதான்.”

மகன் சீக்கிரம் எழுந்துவிடுகிறான் என்று ஒரு ஊரையே கொளுத்தச் சம்மதிக்கிற அப்பனை இன்றுதான் பார்க்கிறேன். அவருக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றார்.

ஆடி 14, செவ்வாய்

ஒரு வக்கீல் சாப்பிட வந்தார். பெரிய உடம்பு. சீலா மீன் வறுவல். எலும்பை எடுக்காமல் அப்படியே மென்று முழுங்குகிறார், பார்க்கிற எனக்குத் தொண்டையில் குத்துகிறது. சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த என்னிடம் வக்கீல் கேட்டார்:

“மாஸ்டர், பையன்கள தெனமும் பாக்கீரு. இதுல வீட்டுக்கு அடங்கினவன் யாரு? கல்யாணம் ஆகாதவன், பழைய கேஸு ஒண்ணும் இல்லாதவன், சொன்ன சொல்லு மாறாதவன்?”

மாப்பிள்ளைக்குக் கேட்கிற கேள்வி அல்லவா இது? எனக்கு அப்படித்தான் பட்டது. இல்லாவிட்டால் மில்லில் நல்ல வேலையாக இருக்கும். வேறு எவன் பேரையாவது சொல்லிவிடப் போகிறார்கள் என்ற அவசரத்தில், “எங்க வண்டிமலை இருக்கானே ஐயா. அப்பன் இல்லாத பிள்ள. தங்கம். உசிரே போனாலும் குடுத்த வாக்கு மாற மாட்டான்” என்றேன்.

வக்கீல் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் தலையாட்டினார்.

“நல்ல ஆளு ஓய் நீரு” என்று வக்கீல் இன்னொரு மீன் கேட்டார். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன்.

ஆடி 16, வியாழன்

காலையில் முதலாளியே எல்லாரையும் கூட்டிச் சொன்னார். நாளைக்குக் கொடையில் தலைப் பங்கு வண்டிமலைக்கு.

மாடன் கொடையில் வெட்டுகிற முதல் கிடாவுக்குப் பங்கு முறை உண்டு. தொடை சாமியாடிக்கு, தோல் கொட்டுக்காரருக்கு, குடல் கிடா வெட்டுகிறவருக்கு. தலை, கோயில் உரிமைக்காரரான முதலாளி வீட்டு மூத்த ஆம்பிளைக்கு. அவர் விரும்பினால் அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்கலாம். வாங்கித் தின்றவன் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. அந்த வீட்டுக்கு எதிராக வாய் திறக்கக்கூடாது, மாடன் சாட்சி. அதனால் லேசில் கொடுக்க மாட்டார்கள்.

சொர்ணம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. “யண்ணே, எம்பிள்ளைக்குத் தலை குடுக்காவளாமே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நான் வக்கீலிடம் சொன்ன சொல்தான் வேலை செய்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆவுடையப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது இந்த நல்ல சேதியையும் சொன்னேன். தூக்குச்சட்டி மூடியைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

“தலையா?”

“ஆமா, தலைதான்.”

“எனக்கும் குடுத்தாவல்லா கொம்பையா. நீதான வச்ச கொழம்பு. மெளகு தூக்கலா.”

எனக்கு நினைவு வந்தது. கொழுந்து முதலாளி குவாரி ஆரம்பித்த காலம். பாதை தரமாட்டேன் என்ற ஒருத்தரை ஓடையில் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வருஷக் கொடை முடிந்து நாலைந்து நாளில் ஆவுடையப்பன் எங்கேயோ தூரத்துக் கோர்ட்டில் போய், நான்தான் வெட்டினேன் என்று சரணடைந்தார். இந்த ஆளா இப்படி என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

“ஓடைப் பக்கமே நான் போகல கொம்பையா. ஆறு மாசத்துல எடுத்துருவோம்னாவ. பதினோரு வருசம். பல்லை உள்ளதான் வுட்டுட்டு வந்தேன். தலையத் தின்னுட்டமே, எப்படிச் சொல்ல?”

கஞ்சியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு வேலியோரம் போய் வாந்தியெடுத்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்.

வண்டிமலையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஷூவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“தெரியும் மாமா.”

“என்னது?”

“சின்னவரே சொல்லிட்டாரு. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம். பேரு மட்டும் குடுத்தாப் போதும். ஆறு மாசம். வெளிய வரும்போது மாலை போட்டுக் கூட்டிட்டு வருவாக. என் பேருல பாட்டுப் போடுவாக.”

“யாரை வெட்டப் போறாவ? ஏல, என்னியப் பாத்துச் சொல்லு. யாரை?”

லேஸை அவிழ்த்தான், கட்டினான்.

“உன்னிய மடியில போட்டு ஓட்டினவனையா?”

“அது வேறன்னு சொன்னம்லா மாமா.” குரல் உடைந்தது. பிறகு அவனே சரிசெய்துகொண்டு, “இதுவரைக்கும் யாராவது எனக்குன்னு ஒண்ணு குடுத்திருக்காகளா?” என்றான்.

நான் கூட வைத்த கரண்டிச் சோறெல்லாம் கணக்கில் வரவில்லை போல.

சொர்ணத்திடம் போனேன். “பொறாமையாண்ணே உங்களுக்கு?” என்றாள்.

எபனேசர் காய் இறக்க வந்தான். அவனிடமும் சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

“கோப்பையக் குடுத்துட்டா விட்டுருவானா மாஸ்டரே?”

“விட மாட்டான்.”

“அப்ப எதுக்குக் குடுக்கணும்?”

போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு எனக்கு வேலை அதிகம்.

ஆடி 17, வெள்ளி

மாடனுக்குச் சமைக்கிறவன் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மூச்சும் எச்சிலும் சோற்றில் படக்கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது, கையளவுதான். எத்தனையோ கொடை சமைத்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் துணி நழுவினதில்லை. பாதாம்கீர் காய்ச்சுகிற ஐயர்கள்கூட என்னைப் பார்த்துப் பொறாமையில் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்ல இன்றைக்கு வாய் வலிக்கிறது. உதடு கிழிந்திருக்கிறது.

உச்சிப் பூசைக்குக் கிடா வெட்டினார்கள். தலையை வாட்டி, சுரண்டி, மிளகு தட்டிப் போட்டு நானே வைத்தேன். நன்றாகத்தான் வைத்தேன், வேலையில் குறை வைக்கத் தெரியாது. பந்தலில் ஊரே இருந்தது. எபனேசர் எழுதிக் கொடுத்ததற்குக் கீழத்தெருப் பாதுகாப்புக்கென்று ரெண்டு போலீஸ்காரர்களைப் போட்டிருந்தார்கள். அவர்கள் ரெண்டு பேரும் முதல் பந்தியில் உட்கார்ந்து நெஞ்செலும்பு கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

மாடன் முன்னால் இலை போட்டார்கள். வண்டிமலை குளித்து, திருநீறு பூசி, வேட்டியும் அந்த ஷூவும் போட்டு நின்றான். கோயிலுக்குள் ஷூவா என்று யாரும் கேட்கவில்லை, சின்னவர் கொடுத்தது. சொர்ணம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். சின்னவர் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு அவன் தோளில் கை போட்டார். முதலாளி, “கொண்டா கொம்பையா” என்றார்.

சட்டியைக் கொண்டுபோய் இலைக்கு முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தேன். நல்ல வாசனை. வாய்த்துணியை அவிழ்த்தேன்.

துப்பினேன்.

ஒரு தடவை துப்பினால் தவறி விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். மூன்று தடவை துப்பினேன். வாய் வறண்டது. பக்கத்தில் தீர்த்தச் செம்பு இருந்தது. அதை எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி துப்பினேன்.

கொட்டு நின்றது. சின்னவர் “சீ!” என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். படம் பிடிக்கிறவனைப் பார்த்து நிறுத்து என்று கையை ஆட்டினார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. எனக்கும் அவருக்கும்தான் புரிந்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

முதல் அடி என் மருமகன் அடித்தது. காலால். உதைத்த வேகத்தில் ஷூ கழன்று அடுப்பில் போய் விழுந்தது. பேப்பர் பிடித்துக்கொண்டு எரிந்தது. அப்புறம் புலிகள் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள், அதை எழுத வேண்டாம். ஆவுடையப்பன் என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். கஞ்சியில் வளர்ந்த உடம்பு, கனமே இல்லை.

ஆடி 18, சனி

வீட்டில் கிடக்கிறேன். மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறது. ஆவுடையப்பன் பச்சிலைப் பத்துப் போட்டுவிட்டுப் போனார். அவருக்கும் வேலை போயிற்று.

வண்டிமலையைப் பாசறையை விட்டுத் துரத்திவிட்டார்கள். துப்பினவன் மருமகனை எவன் நம்புவான்? பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். வெறும் உடம்போடு வீட்டுக்கு வந்தான் என்று சொன்னார்கள். காலையில் சொர்ணம் அவனைத் திருப்பூரில் சித்தப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், ஊரில் தலைகாட்ட முடியாதென்று. பஸ்ஸுக்குப் போகும்போது என் வாசலில் நின்று, “என் பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்ட பாவி” என்று மண்ணை வாரித் தூற்றினாள். வண்டிமலை திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம். திருப்பூரில் இருக்கட்டும். பழைய செருப்பு போட்டிருந்தான், சத்தம் கேட்கவில்லை.

கீழத்தெருவில் பொம்பிளைகளையும் பிள்ளைகளையும் பக்கத்து ஊர்ச் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆம்பிளைகள் படிப்பகத்தில் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. தோப்பில் மைக் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆவுடையப்பன் பத்துப் போடும்போதுதான் மெல்லச் சொன்னார். என்னைத் தூக்கி வெளியே போட்ட கொஞ்ச நேரத்தில் பந்தலைக் கழுவிவிட்டு இன்னொரு கிடா வெட்டினார்களாம். கொட்டு மறுபடி அடித்தார்களாம். தலைப் பங்கு தளவாய்க்கு. தளவாய் யாரென்றால், ஞாபகம் இருக்கிறதா, சின்னவர் துப்பின சக்கையைக் கையில் வாங்கினானே, அந்தப் பையன். எங்கள் தெருக் கடைசி வீடு. அம்மா பேச்சியம்மாள், களை எடுக்கப் போகிறவள். அவனுக்கும் அப்பன் கிடையாது. பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். மாடன் சோற்றில் துப்பினவன் சொன்னால் நம்புவாளா? என் கூடப் பிறந்தவளே நம்பவில்லை. ஆனாலும் அந்தப் பையன் பேர் கோர்ட்டில் போய் விழுவதற்கு முன்னால், எபனேசர் மேல் ஒரு கீறல் விழுவதற்கு முன்னால் போக வேண்டும். எழுந்து நிற்க முடிந்தால் இப்போதே போவேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கிறேன். எடுத்த உடனே ஜெயில் என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவாள். முதலில், சாப்பிட்டாயா தாயி என்று கேட்கலாம். பிறகு ஆவுடையப்பனை உட்கார வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லலாம். அந்த வாயைப் பார்த்தால்

வாசலில் சத்தம். பேச்சியம்மாள் குரல்தான்.

“கொம்பையாண்ணே! உள்ள இருக்கீயளா? எம்பிள்ளைக்குத் தலை குடுத்துட்டாவண்ணே! ஊரு உங்களை என்ன சொன்னாலும் எனக்கு மனசு கேக்கல. பங்கு எடுத்தாந்திருக்கேன், சூடு பண்ணி. ஒரு தட்டு கொண்டாங்க.”

இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். சட்டியை அவள் கையிலிருந்து முதலில் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தாயி, நீ இதில் ஒரு வாயாவது தின்றாயா என்று கேட்க வேண்டும். தின்னாத வாய் அந்த வீட்டுக்கு எதிராகத் திறக்கலாம்.